பறவை பார்க்கும் குழுவில் பிரார்த்தனை: எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்

இராமநாதபுரம் கடற்கரையில் பறவை பார்க்கும் குழு என்றால் அதில் கீழக்கரைக்காரர் இருப்பார், தங்கச்சிமடத்துக்காரர் இருப்பார், உச்சிப்புளியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருப்பார், எந்தச் சாமியையும் கும்பிடாத ஒருவரும் இருப்பார். பைனாகுலரும் குறிப்பேடும் இருந்தால் போதும் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் மூத்தவர் ஒருவர், "ஆரம்பிக்கும்போது ஒரு பிரார்த்தனை வச்சுக்கிட்டா என்னப்பா?" என்பார். பெரியவர் பேச்சைத் தட்ட யாருக்கும் மனம் வராது. அடுத்த மாதமே அது வழக்கமாகிவிடும். பிறகு எடுப்பதும் கடினம், வைத்திருப்பதும் கடினம்.

ஆகவே தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: கேட்டவர் உண்மையில் எதைக் கேட்கிறார்? இந்தக் கோரிக்கைக்குள் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். வந்தவர்கள் போன் பேசிக்கொண்டும் டீ குடித்துக்கொண்டும் சிதறி நிற்கிறார்கள், ஒழுங்காகத் தொடங்க ஏதாவது வேண்டும் என்பது ஒன்று. படகில் போகும்போது பயமாக இருக்கிறது என்பது இன்னொன்று. குழுவில் ஒருவர் தவறிவிட்டார், அவரை நினைக்க இடமில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றுக்கும் ஒரே பிரார்த்தனையைக் கொடுத்தால் எதுவும் தீராது. நான்காவதாக ஒன்றும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்: "நான் தொழுதுவிட்டு வர நேரம் கிடைக்குமா?", "ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாமல் வர முடியுமா?" எங்கள் பார்வையில் முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். அதற்குப் பின்னால் வருவோம்.

இப்போது கையிலுள்ள வழிகள்.

சர்வமதப் பிரார்த்தனை

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு தேவாரம், ஒரு துஆ, ஒரு செபம். கேட்க அழகாக இருக்கும். இராமேசுவரம் பக்கம் என்றால் உடனே கலாம் அவர்களின் தந்தையும் இராமநாதசுவாமி கோயில் அர்ச்சகரும் நண்பர்களாக இருந்ததை யாராவது எடுத்துச் சொல்வார்கள். அவர்கள் இருவரும் உட்கார்ந்து ஆன்மிகம் பேசிக்கொள்வார்கள் என்றுதான் கலாம் எழுதியிருக்கிறார். அது இருவர் தாமாக வைத்துக்கொண்ட பேச்சு. இருபது பேரை வரிசையில் நிறுத்தி மூன்று வழிபாட்டையும் கேட்க வைப்பது வேறு காரியம்.

நடைமுறையில் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்று வைத்தாலும், அழைப்பதும் முன்னால் வருவதும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் போகும். ஜனவரிக் கடைசியில் இங்கே சூரியன் உதிப்பது 6.35-ஐ ஒட்டி. விடியற்காலையிலிருந்து இரண்டு மணி நேரம்தான் பறவை பார்க்க நல்ல வெளிச்சம், நல்ல நடமாட்டம். அதில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஆள். துஆ ஓதக்கூடியவர் ஒரு மாதம் வரவில்லை என்றால் அன்றைக்கு இரண்டு மதப் பிரார்த்தனையா? இல்லை, மார்க்கம் அதிகம் படிக்காத கல்லூரிப் பையனை "நீ ஓதுப்பா" என்று தள்ளுவதா? இரண்டும் நடக்கும், இரண்டும் சங்கடம். வேறு மத வழிபாட்டில் சேர்ந்து நிற்பது தன் மார்க்கத்துக்கு ஒத்துவராது என்று கருதும் முஸ்லிம்கள் உண்டு. பெந்தெகொஸ்தே சபையினரிடமும் அதே தயக்கம் இருக்கும். அவர்கள் சண்டை போட மாட்டார்கள், பத்து நிமிடம் தாமதமாக வரத் தொடங்குவார்கள். பகுத்தறிவாளருக்கோ இந்த மூன்றிலும் இடமே இல்லை. எல்லோரையும் சேர்ப்பதாகச் சொல்லும் ஏற்பாட்டில் அவர் ஒருவர்தான் பார்வையாளர்.

ஆண்டுவிழா, புத்தக வெளியீடு போன்ற மேடை நிகழ்ச்சிக்கு இது பொருந்தலாம். மாதாந்தரச் சந்திப்புக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

முறை வைத்து ஒருவர்

ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருவர், அவர் வழியில். இதில் நேரம் மிச்சம். ஆனால் ஒரு நிமிடம் என்று தொடங்கியது நாலைந்து மாதத்தில் ஆறு நிமிடம் ஆகும். ஒருவர் தமக்குக் கடவுள் செய்ததைச் சாட்சியாகச் சொல்வார், அடுத்தவர் புராணக் கதை சொல்வார். "ஆமென் சொல்லுங்க" என்று கூட்டத்தைப் பார்த்து ஒருவர் கேட்டுவிட்டால், வாய் திறக்காதவர் யார் என்பது வெளிச்சமாகிவிடும். முறை வரும்போது "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவருக்கும் அதே கதி. இந்த வழியையே எடுப்பதானால் மூன்று கட்டுப்பாடு வேண்டும்: ஒரு நிமிடத்துக்கு மேல் இல்லை, பதில் சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை, பெயர்ப் பட்டியல் போட்டு முறை வைக்காமல் விரும்பியவர் மட்டும் முன்கூட்டிச் சொல்வது. மூன்றாவது கட்டுப்பாட்டைப் போட்டவுடன் பெரும்பாலும் இரண்டே பேர்தான் மாறி மாறி வருவார்கள். அப்போது அது யாருடைய குழு என்ற கேள்வி எழும்.

தமிழ்த்தாய் வாழ்த்து

மதம் சாராத தொடக்கம் வேண்டும் என்பவர்கள் இதை முன்வைப்பார்கள். 1970-இல் அரசு விழாக்களின் கடவுள் வாழ்த்தாக ஏற்கப்பட்ட பாடல். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. மோகன ராகம், 55 விநாடி. பெரும்பாலோருக்கு மனப்பாடம்.

எழுந்து நிற்பது பற்றி ஒரு விவரம். 2018-இல் ஒரு விழாவில் இந்தப் பாடலுக்கு மடாதிபதி ஒருவர் எழுந்து நிற்கவில்லை என்று எதிர்ப்புக் கிளம்பியது. இராமேசுவரத்தில் நடந்த போராட்டம் தொடர்பான வழக்கில், எழுந்து நிற்கும்படி சட்டமோ ஆணையோ இல்லை என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கூறியது. அதே மாதம்தான் அரசாணை வந்தது: பாடும்போது எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு. ஒலித்தட்டைப் போடாமல் வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே குழுவில் இதைச் சேர்த்தால் போனில் ஓடவிடாமல் பாடுங்கள். யாராவது பாடாமல் மரியாதையாக நின்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். தேசிய கீதத்துக்கே, பாடாமல் நின்ற கேரள மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அரங்கக் கூட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். களத்தில் பொருந்தாது. தனுஷ்கோடியில் வாடைக்காற்று அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பாடுவதே கேட்காது. காற்று ஓய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மணல்திட்டில் கூட்டமாக அமர்ந்திருக்கும் ஆலா என்னும் கடற்பறவைகள் பதினைந்து பேர் குரல் கேட்டு எழுந்துவிடும். திரும்ப வந்து அமர்வதற்குள் எண்ணிக்கை கெட்டுப்போகும்.

ஒரு நிமிட மௌனம்

பாட்டும் இல்லை, மதமும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் நம் ஊர்க் கூட்டங்களில் எழுந்து நின்று மௌனம் என்றாலே அஞ்சலிதான். புதிதாக வந்தவர் பக்கத்திலிருப்பவரிடம் "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்பார்.

இதைக் கொஞ்சம் மாற்றினால் எல்லா வழிகளிலும் சிறந்த வழி கிடைக்கும். மௌனத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். எல்லோரும் ஓர் இடத்தில் நிற்பது, போன்கள் சைலண்டில், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்பது. புதிய குரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவது. ஒருவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து "போதும்" என்பார். பிறகு யார் யார் எத்தனை விரல் மடக்கினார்கள் என்று கேட்டு, என்னென்ன குரல் என்று ஒப்பிடுவது. சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையில் விடியற்காலையில் ஆட்காட்டி, செண்பகம், மீன்கொத்தி, மைனா என்று நாலைந்து குரலாவது எளிதில் கிடைக்கும். பழகியவர் எட்டு ஒன்பது சொல்வார், புதியவர் அதைக் கேட்டு அடுத்த முறை காது கொடுப்பார். பட்டியல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சிதறி நின்ற கூட்டம் இதில் ஒன்றுசேர்ந்துவிடும், முதல் வகைக் கோரிக்கை தீர்ந்தது. மனத்துக்குள் வேண்டிக்கொள்கிறவருக்கும் இரண்டு நிமிடம் கிடைக்கிறது. அவர் விரலைப் பார்த்து யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. "கண்ணை மூடிக் கைகூப்புங்கள்" என்று யாரும் சொல்லக்கூடாது. கைகூப்பு வந்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் குழந்தைகள் நெளிவார்கள். கடற்கரையில் காற்று காதை அடைக்கும். சவுக்குத் தோப்புக்குள்ளோ வேனின் காற்றுப்படாத பக்கத்திலோ நின்று செய்ய வேண்டும். தாமதமாக வருகிறவர் கதவை அடித்துச் சாத்துவார் என்பதால் வண்டிகளைச் சற்றுத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

படகில் போகும் நாள்

மன்னார் வளைகுடாப் பக்கம் படகில் போகும்போது வரும் கோரிக்கை வேறு ரகம். யாரோ ஒருவர் முந்தைய பயணத்தில் அலையைப் பார்த்துப் பயந்திருப்பார். அவருக்குப் பிரார்த்தனையைக் கொடுத்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டை மறந்தால் அது பொறுப்பின்மை. ஏறுவதற்கு முன்: தலைக்கு ஒரு ஜாக்கெட், போட்டு வாரை இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று இருவர் இருவராகச் சரிபார்ப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது, அன்றைய கடல் எச்சரிக்கையைப் பார்ப்பது, கரையில் இருக்கும் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லி வைப்பது. தீவில் இறங்குவதானால் வனத்துறை அனுமதி கையில் இருக்க வேண்டும்.

படகுக்காரர் சூடம் காட்டலாம், சிலுவை போட்டுக்கொள்ளலாம், பிஸ்மி சொல்லிக் கயிற்றை அவிழ்க்கலாம். அது அவர் படகு, அவர் வழக்கம். அந்த நேரம் பேச்சை நிறுத்தி நிற்பது மரியாதை. அதோடு சரி. "எல்லாரும் சேர்ந்து கும்பிட்டுக்கோங்க" என்று குழுவின் பெயரில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. படகுக்காரர் எல்லோர் நெற்றிக்கும் விபூதி வைக்க வந்தால், ஒருங்கிணைப்பாளர் முதல் ஆளாக நின்று, வேண்டாதவர் பின்னால் நகர்ந்துகொள்ள வழிவிட்டால் போதும்.

நேரம் விடுவது

இனி அந்த வாய்விட்டுக் கேட்காத கோரிக்கை. எல்லோரும் சேர்ந்து பிரார்த்திப்பதைவிட, அவரவர் தம் வழியில் பிரார்த்தித்துவிட்டு வர அட்டவணையில் இடம் விடுவது குழுவை நன்றாகக் கட்டிக்காக்கும். செலவும் இல்லை. கொஞ்சம் கணக்கு மட்டும் வேண்டும்.

சுபுஹு என்னும் விடியற்காலைத் தொழுகையின் நேரம் சூரிய உதயத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி முன்னால் தொடங்கி, உதயத்தோடு முடிகிறது. ஜனவரிக் கடைசியில் 5.20 போல் தொடங்கும். மே கடைசியில் உதயமே 6 மணிக்குச் சற்று முன்னால் வந்துவிடுவதால் எல்லாம் முன்னே நகரும். கீழக்கரையில் ஜமாஅத்தோடு, அதாவது பள்ளிவாசலில் கூட்டாக, தொழுதுவிட்டுக் கிளம்புகிறவர் அரை மணியில் சக்கரக்கோட்டைக்கு வந்துவிடுவார். 6.30-க்குச் சந்திப்பு என்றால் அவருக்குச் சிக்கலே இல்லை. அதையே 5.45 என்று போட்டால் அவர் எதையாவது ஒன்றை விட வேண்டும். தனுஷ்கோடிப் பயணத்துக்கு இது ஒத்துவராது, தூரம் அதிகம். 4.45-க்குக் கீழக்கரையில் கிளம்பினால் தொழுகை நேரத்தில் மண்டபத்தையோ பாம்பனையோ தொடலாம். இரண்டு ஊரிலும் பள்ளிவாசல் இருக்கிறது. பதினைந்து நிமிடம் நிறுத்தினால் போதும். மற்றவர்கள் டீ குடித்துக்கொள்ளலாம், எப்படியும் யாராவது டீ கேட்பார்கள்.

மாலைப் பயணத்தில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகை இடிக்கும். கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் அடையத் திரும்பும் நேரமும் அதுதான். சூரியன் இறங்கியவுடன் எண்ணிக்கையை முடித்துக்கொள்வது என்று வைத்தால் இரண்டும் நடக்கும். ஒளு செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவ, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தாராளம். உப்பு நீரில் கால் நனைத்து நின்றவருக்கு நல்ல தண்ணீர் இருந்தால் நிம்மதி. தொழும் திசையான கிப்லா இங்கிருந்து ஏறக்குறைய 292 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து 22 பாகை வடக்கே. திசைகாட்டி எப்படியும் பையில் இருக்கும். வெள்ளிக்கிழமை பகல் 12-லிருந்து 2 வரை எதுவும் வைக்க வேண்டாம். நோன்பு மாதம் இந்தச் சில ஆண்டுகள் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வருகிறது. பூநாரை வரும் பருவமும் அதுவே. அந்த மாதம் மாலைப் பயணத்தை விட்டுவிட்டுக் காலையில் மட்டும், நடை தூரத்தைப் பாதியாக்கி, ஸ்கோப்பையும் டிரைபாடையும் நோன்பு இல்லாதவர்கள் தூக்குவது என்று வைக்கலாம்.

ஞாயிறு காலை கத்தோலிக்கர்களுக்குத் திருப்பலி கடமை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டாலும் அந்தக் கடமை நிறைவேறும். ஆகவே ஞாயிற்றுப் பயணத்தைச் சனிக்கிழமை வரை தள்ளிப்போடாமல், ஒரு வாரம் முன்னதாக அறிவித்தால் அவர்கள் ஏற்பாடு செய்துகொள்வார்கள். ஆராதனை 9 மணியை ஒட்டித் தொடங்கும் சபைக்காரருக்கு 8.15-க்குள் முடித்தாக வேண்டும். இன்னும் எளிது, ஒரு மாதம் சனி, ஒரு மாதம் ஞாயிறு என்று மாற்றிப்போடுவது.

மார்கழியில் விடியற்காலை கோயிலுக்குப் போகிறவர்கள் 6 மணிக்குள் வெளியே வந்துவிடுவார்கள், 6.30 சந்திப்பு அவர்களுக்கும் சரிதான். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் இராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்று பக்கமும் கூட்டம் அலைமோதும். வேன் நகராது, பறவையும் கிடைக்காது. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா ஆண்டுக்கு 11 நாள் போல் முன்னே நகரும் என்பதால் அந்த ஆண்டுத் தேதியைக் கேட்டுக் குறித்துவையுங்கள். ஓரியூரில் கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தரின் நினைவு நாள் பிப்ரவரி 4. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிவிட்டுப் பயணத் தேதிகளைப் போட்டால் வேலை முடிந்தது.

தின்பண்டமும் இதில் சேர்த்தி. கோயில் பிரசாதம், தர்கா நார்சா, நேர்ச்சை எல்லாம் பாசத்தோடுதான் வரும். என்னவென்று சொல்லி ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஆளாளுக்குக் கையில் நீட்டினால் மறுப்பவருக்குச் சங்கடம். ஓரத்தில் இருந்தால் வேண்டியவர் எடுப்பார்.

தவறியவரை நினைப்பது

இது மூன்றாவது வகை, சுருக்கமாக முடியும். அன்றைய பயணப் பட்டியலை அவர் பெயரில் எழுதுங்கள், அவருக்குப் பிடித்த இடத்துக்குப் போங்கள், அவர் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கம் படியுங்கள். சமயச் சடங்கை அவர் வீட்டார் செய்வார்கள். அழைத்தால் போய்க் கலந்துகொள்வது தனிப்பட்ட மரியாதை. டிசம்பர் 22, 23 தேதிகளில் தனுஷ்கோடிக்குப் போகிற குழு என்றால் 1964 புயலில் இறந்தவர்களை நினைத்து ஒரு நிமிடம் நிற்கலாம். அங்கே அஞ்சலி மௌனம் யாரையும் குழப்பாது.

முடிவெடுக்கும் முறை

கை தூக்கச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பும் வேண்டாம், யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது அதில் பெயரோடு தெரியும். துண்டுச் சீட்டில் மூன்று விடை கொடுங்கள்: "வேண்டும்", "இருந்தாலும் பரவாயில்லை", "இருந்தால் நான் வரமாட்டேன்". பயண இடம், சந்தா போன்றவற்றுக்குப் பெரும்பான்மை போதும். வழிபாட்டுக்கு அது போதாது. இருபது பேரில் பதினேழு பேர் சரி என்றால் மூன்று பேரை வெளியே அனுப்பித் தீர்மானம் நிறைவேறுகிறது. பறவை பார்க்க வந்தவர்களுக்கு அப்படி ஒரு விலை தேவையில்லை. மூன்றாவது விடை ஒன்று வந்தாலும் பொது நிகழ்ச்சியில் சேர்க்காமல் விடுவதே எங்கள் பரிந்துரை. அந்தச் சீட்டு யாருடையது என்று தேட வேண்டாம்.

அப்படியும் சேர்த்துப் பார்ப்போம் என்று குழு முடிவெடுத்தால், மூன்று சந்திப்புக்கு மட்டும் என்று முடிவுத் தேதியை முதலிலேயே எழுதுங்கள். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று வருகைத் தாளில் குறியுங்கள். வழக்கமாக முதலில் வருகிறவர்களில் இரண்டு பேர் தொடர்ந்து பத்து நிமிடம் பிந்தினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கோரிக்கை வைத்த பெரியவரிடம் கூட்டத்தில் பதில் சொல்லாமல் தனியாகப் போய்ப் பேசுங்கள். "ஐயா, எல்லாரும் அமைதியா ஆரம்பிக்கணும்னு நீங்க சொன்னது சரிதான். ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்கிறதுன்னு வச்சிருக்கோம். முதல் தடவை நீங்கதான் நேரம் பார்த்துச் சொல்லணும்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். கீழக்கரைக்காரராக இருந்தால், அண்ணன் என்ற பொருளில், "காக்கா" என்று கூப்பிட்டுப் பேசுங்கள். கோரிக்கை வைத்தவர் யாராவது விளக்கேற்றித்தான் ஆக வேண்டும் என்று நின்றால், சந்திப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக வந்து, விரும்புகிறவர்களோடு அவர் செய்துகொள்ளட்டும். விளக்கு, எண்ணெய், சூடம் எதையும் குழுப் பணத்தில் வாங்க வேண்டாம். அழைப்புச் செய்தியில் அந்த முன்நேரத்தைக் குறிப்பிடாமல், சந்திப்பு நேரம் 6.30 என்று மட்டும் போடுங்கள்.